மாதம் 300 ரூபாய் தருகிறவர்களைத் தேடுங்கள்

தம்பி ஒருவர் என்னிடம் கேட்டிருப்பது இதுதான். அவர் பள்ளி ஆசிரியர், மனைவி நர்ஸ், 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள். பாளையங்கோட்டைப் பக்கத்துக் குடும்பம். கம்போடியாவில் பட்டம்பாங் நகரத்தில் ஒரு மாணவர் விடுதியில் ஊழியம் செய்ய அழைப்பு வந்திருக்கிறது. அனுப்புகிற மிஷன் சங்கம் பயிற்சி கொடுக்கும், விசா பார்க்கும். ஆனால் மாதாந்தரத் தாங்குதலை, அதாவது மாதச் செலவுக்கான பண உதவியை, குடும்பமே திரட்டிக்கொள்ள வேண்டும். "சொந்தபந்தங்களிடம் போய் மாதாமாதம் பணம் கேட்பது பிச்சை எடுப்பதுபோல் இருக்கிறது. யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது? 60 சதவீதம் சேர்ந்தால் கிளம்பிவிடலாமா?"

எங்கள் சபையின் மிஷனெரிக் குழுவுக்கு 18 வருஷம் பொருளாளராக இருந்திருக்கிறேன். பணம் கேட்டு வந்த குடும்பங்களையும் பார்த்தேன், கொடுத்தவர்களின் மனதையும் பார்த்தேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

முதலில் அந்த வெட்கத்தைப் பற்றிப் பேசுவோம். மற்ற எல்லாவற்றையும் கெடுப்பது அதுதான். வெட்கப்படுகிறவர் தொகையைச் சொல்லமாட்டார். "ஜெபித்துக்கொள்ளுங்கள், கர்த்தர் ஏவினால் ஏதாவது செய்யுங்கள்" என்று முடித்துவிடுவார். கேட்டுக்கொண்டிருந்தவருக்கு எவ்வளவு, எத்தனை வருஷம், யாரிடம் கொடுப்பது என்று ஒன்றும் தெரியாது. அவர் உண்மையாகவே ஜெபிப்பார். பணம் வராது. ஆறு மாதம் கழித்து, "நம்ம ஜனங்களுக்கு ஊழியப் பாரமே இல்லை" என்று ஊழியக்காரர் மனம் கசந்துபோவார். அந்த ஜனங்களிடம் யாரும் தெளிவாகக் கேட்கவே இல்லை என்பதை அவர் யோசிப்பதில்லை.

நம் திருநெல்வேலிப் பக்கத்தில் கேட்காமல் இருப்பதற்கு மதிப்பான ஒரு முன்மாதிரியும் உண்டு. டோனாவூரில் 1901 முதல் பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், பணம் கேட்டு யாரிடமும் விண்ணப்பம் வைப்பதில்லை என்பதில் உறுதியாக இருந்தார். அவருக்கு முன்பே, 1865-இல் சைனா உள்நாட்டு மிஷனைத் தொடங்கிய ஹட்சன் டெய்லரும் அப்படித்தான். அந்த வழியை நான் மதிக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டெய்லர் ஊர் ஊராகப் போய்ச் சீனாவைப் பற்றிப் பேசினார், பத்திரிகை நடத்தினார். டோனாவூரைப் பற்றி அம்மையார் எழுதிய புத்தகங்கள் பல நாடுகளில் வாசிக்கப்பட்டன. தொகையைத்தான் அவர்கள் கேட்கவில்லை. தேவை என்ன, வேலை என்ன என்பது ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்களைத் தெரிந்தவர்கள் இன்றைக்கு ஒரு இருநூறு முந்நூறு பேர் இருப்பார்களா? அப்படியானால் நீங்கள் வாயைத் திறந்துதான் ஆக வேண்டும்.

வேதத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. பவுல் ரோமாபுரியாருக்கு எழுதும்போது, தான் ஸ்பானியாவுக்குப் போகப் போவதாகவும் அவர்கள் தன்னை வழிவிட்டு அனுப்ப வேண்டும் என்றும் 15-ஆம் அதிகாரத்தில் நேராகவே எழுதுகிறார். அவர் அதுவரை பார்த்தே இராத சபை அது. அதே பவுல் கொரிந்துவில் கூடாரம் தைத்துச் சம்பாதித்துக்கொண்டார் என்பதும் உண்மைதான். இயேசு ஊர் ஊராக நடந்தபோது யோவன்னாளும் சூசன்னாளும் வேறு பல பெண்களும் தங்கள் ஆஸ்தியால் அவருக்கு ஊழியம் செய்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். ஆண்டவரே வாங்கிக்கொண்டதை நீங்கள் பிச்சை என்று சொல்லக் கூடாது, தம்பி.

சரி, யாரிடம் கேட்பது? இந்தக் கேள்வியில் கொஞ்சம் நிதானித்துப் போகலாம்.

1902-இல் வெள்ளாளன்விளைக்காரரான அசரியா, பின்னாளில் பிஷப் ஆனவர், ஒய்.எம்.சி.ஏ. என்கிற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் வேலையாக யாழ்ப்பாணம் போயிருந்தார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் மிஷனெரிப் பணி நடத்துவதைப் பார்த்தார். திருநெல்வேலியில் அவர்களைவிட எத்தனையோ மடங்கு கிறிஸ்தவர்கள் இருந்தும் அப்படி ஒன்று இல்லையே என்று அவர் மனம் குத்தியது. அடுத்த வருஷம், 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதே அதன் கொள்கை. நிஜாம் ராஜ்யத்திலிருந்த தோர்ணக்கல் பகுதிக்கு ஆள் அனுப்பினார்கள். பாஷை வேறு, ஆட்சி வேறு. அன்றைய நம் ஊர்க்காரருக்கு அது வெளிநாடு மாதிரிதான். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? பனையேறிகளும் சிறு விவசாயிகளும் நிறைந்த சபைகள் அவை. ஒரே ஆள் பெரிய தொகையைத் தூக்கிக் கொடுக்கிற நிலைமை இல்லை. காலணாவும் அரையணாவும் சேர்ந்த பணம் அது.

எங்கள் வீட்டில் பாட்டி உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் மீதியைப் போடுவார். மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். பிடி அரிசிக் காணிக்கை என்று நாம் சொல்வதை மிசோரத்தில் புஃபாய் தாம் என்கிறார்கள். அங்கே 1910-இல் தொடங்கியது இன்றும் நிற்கவில்லை. அந்தச் சின்ன மாநிலத்துச் சபைகள் இந்தியாவின் பல பாகங்களுக்கும் வெளியேயும் மிஷனெரிகளை அனுப்புகின்றன என்றால், அதற்குப் பின்னால் சமையலறையில் கை நீட்டிய அம்மாமார் இருக்கிறார்கள். சாப்பிடும் ஒவ்வொரு வேளையும் மிஷனெரியை நினைக்க வைக்கிற ஏற்பாடு அது. வங்கியிலிருந்து தானாகப் போகிற 5,000 ரூபாய் அப்படி நினைக்க வைப்பதில்லை.

இதைச் சொல்வதற்கு வேறு ஒரு காரணமும் இருக்கிறது. பல வருஷம் முன்பு எங்கள் குழு ஒரு குடும்பத்தை வெளிநாட்டுக்கு அனுப்பியது. தேவையில் பாதிக்குமேல் ஒரே தொழிலதிபர் ஏற்றுக்கொண்டார். நல்ல மனுஷன், மனதாரக் கொடுத்தார். எங்களுக்கும் வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டோம். இரண்டாம் வருஷம் அவர் தொழில் படுத்துவிட்டது. மூன்றே மாதத்தில் அந்தக் குடும்பம் பிள்ளைகளின் பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஊர் திரும்பியது. விமான நிலையத்தில் அந்தத் தாயார் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. அதனால்தான் அது எனக்கு இன்னும் வலிக்கிறது. தப்பு அந்தத் தொழிலதிபருடையது அல்ல, கணக்குப் போட்ட என்னுடையது.

ஆகவே நான் இப்போது போடும் கணக்கு இப்படி இருக்கும். உங்களுக்கு மாதம் 1,20,000 ரூபாய் தேவை என்று வைத்துக்கொள்வோம். 300 ரூபாய் தருகிற 100 பேர், அது 30,000. 500 ரூபாய் தருகிற 80 பேர், 40,000. ஆயிரம் ரூபாய்க்காரர்கள் 30 பேர், 30,000. 5,000 ரூபாய் தருகிற குடும்பமோ ஜெபக்குழுவோ 4, அது 20,000. மொத்தம் 214 பேர். இதில் எந்த ஒருவர் நின்றுபோனாலும் உங்கள் வீட்டு அடுப்பு அணையாது. 214 பேரைச் சந்திப்பது பெரிய வேலைதான், ஒரு வருஷம் ஆகும். ஆனால் 214 வீடுகளில் உங்கள் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி ஜெபிப்பார்கள். மாதம் 300 ரூபாய் தருகிற ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் என்னிடம் காணிக்கை கட்ட வரும்போதெல்லாம் மிஷனெரியின் மகனுக்குக் காய்ச்சல் குணமாகிவிட்டதா என்று கேட்பார். எனக்கே அது மறந்துபோயிருக்கும்.

தேவைப் பட்டியலைப் போடும்போது மனசு பெருந்தன்மையாகி எதையும் குறைத்துவிடாதீர்கள். வீட்டு வாடகை, சாப்பாடு எல்லாரும் எழுதுவார்கள். விடுபடுவது மற்றவைதான்: மருத்துவக் காப்பீடு, விசா புதுப்பிப்பு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊர் வந்துபோகும் பயணம், இங்கே இருக்கிற வயதான பெற்றோரின் மருந்துச் செலவு, உங்கள் முதிர்வயதுக்கான சேமிப்பு. ஆசிரியர் வேலையை விட்டுவிட்டால் அந்தச் சேமிப்பை வேறு யாரும் போட்டுத் தரமாட்டார்கள். முதல் வருஷம் முழுக்கப் பாஷை படிக்கும் செலவையும் சேருங்கள். கெமர் எழுத்து நம் பல்லவர் காலத்து எழுத்திலிருந்து கிளைத்தது என்பதில் நமக்கு ஒரு சந்தோஷம் உண்டு. ஆனாலும் அதை வாசிக்கப் பழக நாளாகும். ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபின் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுதித்தான் தமிழ் கற்றார். "முதல் வருஷம் என்ன ஊழியம் செய்தீர்கள்?" என்று யாராவது கேட்டால், அதைச் சொல்லுங்கள்.

அப்புறம் டாலர். கம்போடியாவில் வாடகையிலிருந்து பள்ளிக் கட்டணம் வரை டாலரில் பேசுவார்கள். உங்களைத் தாங்குகிறவர்கள் கொடுப்பது ரூபாய். 2014 நடுவில் ஒரு டாலர் ஏறக்குறைய 60 ரூபாய். 2024 கடைசியில் அது 85-ஐத் தாண்டியது. அதாவது 2014-இல் 60,000 ரூபாய் கொடுத்த ஒரு சபை, ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் பத்து வருஷம் விசுவாசமாகக் கொடுத்திருந்தாலும், மிஷனெரியின் கைக்கு வந்தது 1,000 டாலரிலிருந்து 700 டாலர் அளவுக்குக் குறைந்துவிட்டது. அங்கே விலைவாசி ஏறியது தனி. கொடுக்கிறவர்களுக்கு இது தெரிவதே இல்லை. பட்டியலை டாலரில் போட்டு ரூபாய்க்கு மாற்றி, அதன்மேல் பத்து சதவீதம் கூட்டி வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை தாங்குகிறவர்களிடம் இந்தக் கணக்கை விளக்குங்கள்.

எப்படிக் கேட்பது என்பதற்கு வருகிறேன். மேடையில் நின்று கேட்பது உதவும், ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. மிஷனெரி ஞாயிறன்று உங்கள் பேச்சைக் கேட்டு அழுத கண்கள், சபை விருந்தான அசனப் பந்தியில் சோறு விழுமுன்னே காய்ந்துவிடும். மனதில் குறையொன்றும் இல்லை, வீட்டுக் கவலை அப்படி. வீட்டுக்குப் போங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து போங்கள். அந்த வீட்டுக் கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். இப்படிச் சொல்லலாம்: "அக்கா, நாங்க ஜூன் மாசம் கம்போடியா போறோம். மாதம் 1,20,000 ரூபாய் வேணும். இதுவரைக்கும் 45 பேர் சேர்ந்திருக்காங்க. நீங்களும் அத்தானும் மாதம் 500 ரூபாய், மூணு வருஷத்துக்குத் தர முடியுமா? இப்பவே சொல்ல வேண்டாம். ரெண்டு பேரும் பேசி ஜெபிச்சுட்டுச் சொல்லுங்க. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிஞ்சு நானே வந்து கேட்கேன்."

தொகை, காலம், பதில் கேட்கும் நாள், மூன்றும் அதில் இருக்கிறது. சொன்னபின் பேசாமல் இருங்கள். அந்த அமைதியைத் தாங்கமாட்டாமல், "முடியலைன்னா பரவாயில்லை அக்கா" என்று நாமே அவர்களுக்குப் பதிலாகச் சொல்லிவிடுவதுதான் பலர் செய்கிற தவறு. அவர்கள், "மகளுக்குக் கல்யாணம் வருது தம்பி, இந்த வருஷம் கஷ்டம்" என்றால், அதை அப்படியே ஏற்றுக்கொண்டு அந்தக் கல்யாணத்துக்காக அங்கேயே ஜெபித்துவிட்டு எழுந்திருங்கள். மறுபடி அழுத்தாதீர்கள். கொடுக்காவிட்டால் ஆசீர்வாதம் போய்விடும் என்கிற பேச்சு உங்கள் வாயில் ஒருபோதும் வரக் கூடாது. கொடுத்தால் நூறு மடங்கு திரும்பி வரும் என்பதும் வேண்டாம். அப்படி வாங்கிய பணத்தை நம்பி வெளிநாட்டில் பிள்ளை வளர்க்க முடியாது.

உங்கள் மனைவியும் பேச வேண்டும். பல வீடுகளில் பையைத் திறப்பது அக்காமார்தான். அவர்கள் கேட்க விரும்புவது உங்கள் தரிசனத்தை அல்ல, உங்கள் மனைவி மனப்பூர்வமாகப் போகிறாரா, பிள்ளைகள் எங்கே படிக்கும் என்பதைத்தான். உங்கள் மனைவிக்கு உள்ளே தயக்கம் இருந்தால் திரட்டுவதை நிறுத்திவிட்டு முதலில் அதைப் பேசி முடியுங்கள்.

உங்கள் வட்டாரச் சபைகளுக்குப் பொறுப்பான சேகர குருவானவரிடம் சொல்லாமல் சபை மக்களிடம் போகாதீர்கள். பலருடைய முயற்சி கெட்டது இங்கேதான்.

இனி சட்டம். சலிப்பாக இருக்கும், ஆனால் தவிர்க்க முடியாது. யாரிடமும் உங்கள் சொந்த வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்லாதீர்கள். நெருங்கிய உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருஷத்தில் வருகிற அன்பளிப்பு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் அது முழுவதும் உங்கள் வருமானமாகக் கணக்கிடப்பட்டு வரி வரும். பணம் சங்கத்தின் கணக்குக்குப் போய், ரசீது வந்து, அங்கிருந்து உங்களுக்கு வர வேண்டும். ஆனால் இந்தியாவில் பதிவான அறக்கட்டளை தன் பணத்தை வெளிநாட்டில் செலவழித்தால் வருமான வரி விலக்கு சாதாரணமாகக் கிடைக்காது. அதற்குத் தனி அனுமதி வேண்டும். எனவே உங்கள் சங்கத்திடம், "எங்கள் பணம் எந்த வழியாகக் கம்போடியா வரும், அதற்கு என்ன அனுமதி இருக்கிறது?" என்று எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு சங்கத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் இருக்கிற உங்கள் சித்தப்பா அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால், அவர் இங்குள்ள சங்கத்துக்குத் தருவது வெளிநாட்டு நன்கொடையாகும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவு இல்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது. வளைகுடாவில் இந்தியக் கடவுச்சீட்டோடு வேலை பார்க்கிற தம்பி தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது அந்தக் கணக்கில் வராது. இதில் ஒருமுறை தவறினால் சங்கமே மாட்டிக்கொள்ளும். ஒரு ஆடிட்டரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

ஜெபக் கடிதத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். மிஷனெரியின் கடிதம் என்கிற வழக்கம் பெரிய அளவில் வளர்ந்ததே நம் கடற்கரையிலிருந்துதான். தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்களை ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் 1710 முதல் அச்சிட்டுப் பரப்பினார்கள். அவற்றை வாசித்த மக்கள் கொடுத்த காணிக்கையும் அந்த மிஷனைத் தாங்கியது. அந்தக் கடிதங்களில் தமிழர்களின் ஊர், பழக்கம், புத்தகம், மருந்து எல்லாம் இருந்தன. முன்னூறு வருஷத்துக்கு முன் நம் முன்னோரைப் பற்றி ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதிப் பணம் திரட்டினார். அதில் நம்மை மதித்து எழுதிய பகுதிகளை வாசிக்கும்போது மகிழ்கிறோம், இழிவாக எழுதியவற்றை வாசிக்கும்போது துடிக்கிறோம். கம்போடியரைப் பற்றி நீங்கள் எழுதப் போகும் கடிதத்தையும் நாளைக்கு ஒரு கம்போடியர் வாசிப்பார். "இருளில் கிடக்கிற ஜனங்கள்" என்று எழுதுமுன் அவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அங்கோர்வாட்டைக் கட்டினவர்கள். 1975 முதல் 1979 வரை பொல்பாட் ஆட்சியில் லட்சக்கணக்கான உறவுகளைப் பறிகொடுத்தும் எழுந்து நிற்கிறவர்கள்.

குறிப்பாக ஒரு விஷயம். விடுதிப் பிள்ளைகளின் படத்தைப் போட்டு "அநாதைகள்" என்று எழுதாதீர்கள். கம்போடியாவில் காப்பகங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தது தெரியவந்தது. வெளிநாட்டுப் பணம் வருகிறது என்பதற்காகவே பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த இடங்கள் உண்டு. உங்கள் விடுதி நல்லதாக இருக்கலாம். ஆனாலும் போகுமுன் கேளுங்கள்: பிள்ளைகள் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், ஏன் வருகிறார்கள், விடுமுறைக்கு வீட்டுக்குப் போகிறார்களா? கிராமத்தில் மேல்நிலைப் பள்ளி இல்லாததால் நகரத்தில் தங்கிப் படிக்கிறார்கள் என்றால் அதை அப்படியே எழுதுங்கள். நம் ஊரில் எத்தனையோ பேர் மிஷன் போர்டிங்கில் தங்கிப் படித்து மேலே வந்தவர்கள்; உங்கள் வாசகர்களுக்கு அது உடனே புரியும். அந்த நாட்டில் புத்த மதம் அரச மதம், வீடு வீடாகப் போய் மதம் பரப்பத் தடை இருக்கிறது. அதையும் தாங்குகிறவர்களுக்குச் சொல்லிவிடுங்கள், தெருப் பிரசங்கப் படங்களை உங்களிடம் எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கடிதம் இரண்டு பக்கம் போதும், மூன்று மாதத்துக்கு ஒன்று. அதில் வரவு செலவு நான்கு வரி இருக்கட்டும். சரியாக நடக்காததையும் எழுதுங்கள். "இந்த மூன்று மாதமும் பாஷைப் பரீட்சையில் தேறவில்லை, மனைவிக்கு ஊர் ஞாபகம் தாங்கவில்லை" என்று ஒரு மிஷனெரி எழுதிய கடிதத்துக்குத்தான் எங்கள் சபையில் அதிகமான பதில்கள் போயின. அச்சடித்த கடிதத்தோடு, 300 ரூபாய்க்காரர்களில் ஐந்து பேருக்காவது ஒவ்வொரு மாதமும் வாட்ஸ்அப்பில் உங்கள் குரலில் இரண்டு வார்த்தை பேசி அனுப்புங்கள்.

கடைசியாக, 60 சதவீதத்தோடு கிளம்பலாமா என்பது. வேண்டாம். மீதியைக் கர்த்தர் அங்கே தருவார் என்று தைரியம் சொல்கிறவர்கள் உங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டப் போவதில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனெரி வில்லியம் கேரியை அனுப்பிய சங்கம் 1792 அக்டோபரில் கெட்டரிங்கில் கூடியபோது சேர்ந்தது 13 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸ், அதுவும் கையில் வந்த பணம் அல்ல, தருகிறோம் என்று எழுதிக் கொடுத்த வாக்கு. அடுத்த வருஷம் வங்காளத்தில் வந்து இறங்கிய குடும்பம் சீக்கிரமே பணமில்லாமல் அலைந்தது. 1794-இல் அவர் ஒரு அவுரித் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலைக்குச் சேர்ந்துதான் பிழைத்தார். அந்த வருஷங்களில் ஒரு மகனைப் பறிகொடுத்தார், மனைவி டாரதி மனநிலை பாதிக்கப்பட்டார். கேரியின் விசுவாசத்தைப் பிரசங்கிக்கிறவர்கள் டாரதி அம்மாளின் கண்ணீரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்களுக்கு வாக்கு 100 சதவீதம் எழுத்தில் வரட்டும். அதில் 90 சதவீதமாவது மூன்று மாதம் தொடர்ந்து சங்கத்தின் கணக்குக்கு உண்மையில் வந்து சேரட்டும். பயணச் செலவும், திடீரென்று திரும்பி வர வேண்டுமானால் நான்கு பேருக்கான டிக்கெட் பணமும் தனியாக இருக்கட்டும். அதுவரை பள்ளி வேலையை ராஜினாமா செய்யாதீர்கள். மாலை நேரத்திலும் சனி ஞாயிறிலும் வீடுகளைச் சந்தியுங்கள். ஜூன் தவறினால் டிசம்பர். பட்டம்பாங் விடுதிக்காரர்களுக்கு இதை இப்போதே எழுதிவிடுங்கள், அவர்களும் அதற்கேற்ப ஆள் ஏற்பாடு செய்துகொள்ளட்டும்.

முதல் 50 வீடுகளின் பெயரை இந்த வாரமே இரண்டு பேருமாக உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர்களால் சிரமமில்லாமல் எவ்வளவு முடியும் என்று நினைக்கிறீர்களோ அதைக் குறியுங்கள். 51-ஆவதாக என் பெயரைப் போட்டு, எதிரே 500 என்று எழுதிக்கொள்ளுங்கள்.